அனுபவம் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள்

ஏப்ரல் நடுவில் அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் வழக்கமான சீசன் முடிந்தால் போதும், எப்படியும் இரண்டு மூன்று தலைமைப் பயிற்சியாளர்களின் வேலை போய்விடும். அந்த இடத்துக்கு யார் வரலாம் என்ற பட்டியல் அடுத்த நாளே வந்துவிடும். அதில் பாதிப் பேர் வேறொரு அணியில் தலைமைப் பயிற்சியாளராக இருந்து நீக்கப்பட்டவர்கள், மீதிப் பேர் உதவிப் பயிற்சியாளர்கள். அந்த இரண்டாவது பாதியில் பல வருடங்களாகத் தவறாமல் வந்துகொண்டிருந்த பெயர் சாம் கசெல். பெயர் வரும், நேர்காணல் என்பார்கள், கடைசியில் வேலை வேறொருவருக்குப் போய்விடும்.

எங்கள் பழைய கல்லூரி அணிக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. போன முறை இந்தப் பேச்சு வந்தபோது அதில் ஒரு நண்பன், “மச்சி, பதினைஞ்சு வருஷமா ஒருத்தனும் எடுக்கலைன்னா அந்த ஆளுகிட்டயே ஏதோ குறை இருக்குன்னுதானே அர்த்தம்? முப்பது டீமும் முட்டாளா?” என்று கேட்டான். ரெண்டு பேர் அதற்குக் கட்டைவிரல் போட்டார்கள். பேச்சு ஐபிஎல் பக்கம் போய்விட்டது. எனக்கு மட்டும் அந்தக் கேள்வி போகவில்லை. கேள்வியில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. முப்பது அணிகள், ஒவ்வொன்றிலும் இதற்கென்றே சம்பளம் வாங்கும் ஆட்கள், அவர்கள் எல்லோருமே ஒரே மாதிரி தப்பு செய்வார்களா? செய்வார்கள் என்பதுதான் என் எண்ணம். அதைக் குழுவில் நாலு வரியில் எழுத முடியாது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கசெல். அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1993-இல் 24-வது ஆளாக ஹூஸ்டன் ராக்கெட்ஸ் எடுத்த பையன். முதல் சீசனிலேயே இறுதிச் சுற்று, மூன்றாவது ஆட்டம், நியூயார்க்கில் மேடிசன் ஸ்கொயர் கார்டன். கடைசி நிமிடத்தில் அணி பின்தங்கியிருக்கும்போது மூன்று புள்ளி ஷாட்டை எடுத்துப் போட்டு ஆட்டத்தைத் திருப்பியவர் அந்தப் புதுப் பையன்தான். 1994, 1995 இரண்டு வருடமும் சாம்பியன், அப்புறம் 2008-இல் பாஸ்டனில் ஒரு முறை. நடுவில் 2004-இல் மினசோட்டாவுக்காக ஆல்-ஸ்டார். ஆட்டத்தை நிறுத்தியதும் 2009-இல் வாஷிங்டனில் உதவிப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். 2014-இல் கிளிப்பர்ஸ், 2020-இல் ஃபிலடெல்ஃபியா, 2023-இல் பாஸ்டன் செல்டிக்ஸ். ஃபிலடெல்ஃபியாவில் டைரீஸ் மேக்ஸி வளர்ந்த வருடங்களில் அவரோடு நின்று வேலை செய்தவர்களில் கசெலும் ஒருவர். 2024-இல் பாஸ்டன் சாம்பியன் ஆனபோது பயிற்சியாளர் பெஞ்சிலும் அவருக்கு ஒரு சாம்பியன் மோதிரம் கிடைத்தது. இவ்வளவும் செய்த மனிதருக்கு 2025 முடியும் வரை எந்த அணியும் தலைமைப் பயிற்சியாளர் வேலை கொடுக்கவில்லை.

அவர் தலைமைப் பயிற்சியாளராக வந்தால் வெற்றி பெறுவாரா என்றால், யாராலும் சொல்ல முடியாது. என் கேள்வி அதுவல்ல. அதைத் தெரிந்துகொள்ள அணிகள் எதைப் பார்க்கின்றன என்பதுதான்.

உதவிப் பயிற்சியாளரின் வேலை என்ன என்று தொலைக்காட்சியில் அதிகம் தெரியாது. எதிரணிகளை அவர்கள் தங்களுக்குள் பிரித்துக்கொள்வார்கள். நம் பங்கில் டென்வர் வந்தால் டென்வரின் கடைசி ஆட்டங்களை எல்லாம் உட்கார்ந்து பார்த்து, எந்த ஆட்டக்காரர் எந்தப் பக்கம் பந்தைத் தட்டிக்கொண்டு போவார், கடைசி நொடியில் எந்த ப்ளேயை ஓட்டுவார்கள் என்பதை வீரர்களின் முன் சில நிமிடங்களில் சொல்லி முடிக்க வேண்டும். ஒருவர் டிஃபென்ஸ் பார்ப்பார், ஒருவர் அஃபென்ஸ் பார்ப்பார், இன்னொருவர் இளம் வீரர்களை ஆட்டத்துக்கு முன்னால் தனியாக ஷாட் போட வைப்பார். டைம் அவுட் எடுத்ததும் கவனித்துப் பாருங்கள். வீரர்கள் பெஞ்சில் உட்காருவார்கள், பயிற்சியாளர்கள் உடனே அவர்களிடம் போகமாட்டார்கள். கோர்ட்டுக்குள் நாலைந்து அடி தள்ளித் தங்களுக்குள் வட்டமாக நிற்பார்கள். ஒவ்வொருவரும் ஒன்று சொல்வார்கள். தலைமைப் பயிற்சியாளர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு, பலகையோடு வீரர்கள் முன்னால் போய் உட்காருவார். மற்றவர்கள் சொன்னது அங்கேயே விழுந்துவிடும். மொத்த வித்தியாசமும் அந்த நாலைந்து அடி தூரத்தில்தான் இருக்கிறது. உதவிப் பயிற்சியாளர் ஒரு யோசனை சொல்லலாம், அது தப்பானாலும் அவர் பெயர் வராது. எடுத்துச் சொல்கிறவர் பெயர் மறுநாள் எல்லா இடத்திலும் வரும்.

அந்தத் தூரத்தை ஒருவர் நடப்பாரா என்பது அவரை நடக்க விட்டால்தான் தெரியும். நேர்காணல் அறையில் லேப்டாப் திறந்து, உங்கள் அணியின் அஃபென்ஸை இப்படி மாற்றுவேன், இந்த வீரரை இப்படி வளர்ப்பேன் என்று கிளிப் போட்டுக் காட்டுவதில் அது தெரியாது.

டிசம்பர் 30, 2020

இந்த விஷயத்தில் எனக்கு ஒரு கருத்து உருவானது என்றால் அது இந்த ஒரு ஆட்டத்தால்தான். சான் அன்டோனியோவில் அந்த ஊர் அணியான ஸ்பர்ஸுக்கும் லேக்கர்ஸுக்கும் ஆட்டம். நமக்கு அப்போது 31-ஆம் தேதி காலை. கொரோனா காலம் என்பதால் அரங்கில் ரசிகர்கள் இல்லை. நாற்காலிகள் விலகிக் கிடக்க, பயிற்சியாளர்கள் முகக்கவசத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். லெப்ரான் ஜேம்ஸுக்கு அன்று 36-வது பிறந்தநாள். இரண்டாவது குவார்ட்டர் முடிய இன்னும் நாலு நிமிடம் கூட இல்லை, ஸ்பர்ஸின் தலைமைப் பயிற்சியாளர் கிரெக் பொப்போவிச் நடுவர்களிடம் எகிறி ஆட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். போகிறபோது உதவிப் பயிற்சியாளர் பெக்கி ஹாமன் பக்கம் கையை நீட்டி, இனி நீ பார்த்துக்கொள் என்கிற மாதிரி ஒரு வார்த்தை. அவ்வளவுதான். என்பிஏ வழக்கமான சீசன் ஆட்டம் ஒன்றைத் தலைமைப் பயிற்சியாளர் இடத்தில் நின்று நடத்திய முதல் பெண் ஆகிவிட்டார்.

வரலாறு என்று எல்லோரும் எழுதினார்கள், எழுத வேண்டியதுதான். நான் கவனித்தது வேறு. ஆட்டத்தில் எதுவும் மாறவில்லை. வீரர்கள் யாரும் திரும்பிப் பார்த்துக் குழம்பவில்லை. ஹாமன் எழுந்து கோட்டோரம் வந்தார், ஆள் மாற்றினார், டைம் அவுட் எடுத்தார், பேசினார், ஆட்டம் போய்க்கொண்டிருந்தது. லேக்கர்ஸ் 121-107 என்று ஜெயித்தது. முந்தின சீசன் சாம்பியன் அணியிடம் தோற்றதை வைத்து யாரையும் எடைபோட முடியாது. ஆனால் ஒரு அணி அந்த இடத்தில் அவரை எவ்வளவு சாதாரணமாக ஏற்றுக்கொண்டது என்பதை அன்றைக்கு எல்லோராலும் பார்க்க முடிந்தது. ஆறு வருடமாகத் தங்கள் பெஞ்சில் இருந்தவர் சொல்வதைக் கேட்க அந்த வீரர்களுக்கு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை.

அடுத்த கோடையில் போர்ட்லேண்டில் இடம் காலியானது. ஹாமன் கடைசிச் சுற்று வரை போனார். வேலை சான்சி பில்லப்ஸுக்குப் போனது, அவர் அதுவரை உதவிப் பயிற்சியாளராக இருந்தது ஒரே ஒரு சீசன். ஏன் இல்லை என்று அணிகள் தன்னிடம் சொன்ன காரணங்களை ஹாமன் பிற்பாடு வெளிப்படையாகவே பேசினார். நீங்கள் சான் அன்டோனியோவில் மட்டும்தான் இருந்திருக்கிறீர்கள், இதுவரை தலைமைப் பயிற்சியாளராக இருந்ததில்லை. இந்த இரண்டு காரணமும்தான் என்னை இத்தனை நாள் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது.

ஏனென்றால் இதே இரண்டு ‘குறை’யும் அப்படியே உள்ள ஒருவரை எனக்குத் தெரியும். மைக் புடன்ஹோல்சர். 1994-இல் சான் அன்டோனியோவின் வீடியோ அறையில் சேர்ந்தவர். 1996-இலிருந்து உதவிப் பயிற்சியாளர். 2013 வரை வேறு எந்த என்பிஏ அணியிலும் இல்லை, எந்த என்பிஏ அணிக்கும் தலைமைப் பயிற்சியாளராக இருந்ததில்லை. 2013-இல் அட்லான்டா அவரை அழைத்து வேலை கொடுத்தது. இரண்டாவது சீசனில் 60 வெற்றி, அந்த வருடத்தின் சிறந்த பயிற்சியாளர் விருது. 2018-இல் மில்வாக்கி ஆள் தேடியபோது ஹாமனையும் நேர்காணல் செய்தார்கள், வேலையைப் புடன்ஹோல்சருக்குக் கொடுத்தார்கள். 2021-இல் சாம்பியன். நல்ல தேர்வுதான், அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் 2018-இல் அவரிடம் இருந்த ‘அனுபவம்’ எங்கிருந்து வந்தது? 2013-இல் ஒரு அணி அனுபவம் கேட்காததால் வந்தது.

எரிக் ஸ்போல்ஸ்ட்ராவும் அப்படித்தான். 1995-இல் மயாமியின் வீடியோ அறைக்குள் போனார், வேறு எங்கும் போகவில்லை, 2008-இல் அதே அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர், 2012-இலும் 2013-இலும் சாம்பியன். பயிற்சியாளராகவே இல்லாதவர்களுக்கும் கொடுத்திருக்கிறார்கள். 2014-இல் ஸ்டீவ் கெர், 2020-இல் ஸ்டீவ் நாஷ், 2024-இல் ஜேஜே ரெடிக். மூவரும் எந்த என்பிஏ பெஞ்சிலும் உதவிப் பயிற்சியாளராக ஒரு நாள் கூட உட்காராதவர்கள். கெர் முதல் சீசனிலேயே சாம்பியன் ஆனார், நாஷ் மூன்றாவது சீசன் தொடக்கத்திலேயே வெளியே வந்தார். யாருக்கு எப்படி முடிந்தது என்பது இங்கே முக்கியமில்லை. அனுபவம் இல்லை என்பது சிலருக்குத் தடையாகவே இருந்ததில்லை, அதைத்தான் சொல்கிறேன். வேண்டாம் என்று முடிவு செய்த பிறகு சொல்லக் கையில் தயாராக இருக்கும் காரணம் அது. நீந்தத் தெரிந்தால்தான் தண்ணீரில் இறங்கலாம் என்று சொல்வதைப் போல, அதற்கு மறுபேச்சும் பேச முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. 2020 டிசம்பரில் அந்த சான் அன்டோனியோ பெஞ்சில் ஹாமனோடு இருந்தவர்கள் யார்? வில் ஹார்டி, மிட்ச் ஜான்சன். ஹார்டி நடுவில் பாஸ்டனில் ஒரு சீசன் இருந்துவிட்டு 2022-இல் யூட்டாவின் தலைமைப் பயிற்சியாளர் ஆனபோது வயது 34. மிட்ச் ஜான்சன் 2025-இல் பொப்போவிச்சின் இடத்துக்கே வந்தார். இருவரும் திறமைசாலிகள், தகுதியில்லாமல் வந்தவர்கள் இல்லை. ஆனால் அன்றைக்குப் பொப்போவிச் கை நீட்டியது ஹாமன் பக்கம். அந்த மூவரில் என்பிஏ அணி கிடைக்காதவர் அவர் ஒருவர்தான். அவர் பெண் என்பதுதான் காரணம் என்று எந்த ஜெனரல் மேனேஜரும் வாய்விட்டுச் சொல்லப்போவதில்லை. நான் சொல்கிறேன், வேறு காரணம் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

விபத்தில் திறக்கும் கதவு

பல உதவிப் பயிற்சியாளர்களுக்குக் கதவு திறந்தது எப்படி என்று பார்த்தால் மனசு கொஞ்சம் கஷ்டப்படுகிறது. யாரோ நோயில் விழ வேண்டும், இல்லை யாரையோ திடீரென்று நீக்க வேண்டும். 2024 நவம்பர் தொடக்கத்தில் பொப்போவிச்சுக்குப் பக்கவாதம் வந்ததால்தான் மிட்ச் ஜான்சன் எழுந்து நின்றார். 2025 ஏப்ரல் 8-ஆம் தேதி, வழக்கமான சீசனில் மூன்றே மூன்று ஆட்டம் மிச்சம் இருக்கும்போது, டென்வர் மைக்கேல் மலோனை அனுப்பிவிட்டு டேவிட் அடல்மேனிடம் அணியைக் கொடுத்தது. அந்த மூன்றையும் ஜெயித்து, அடுத்து வந்த ப்ளேஆஃபில் (ஏழு ஆட்டத் தொடரில் முதலில் நாலு ஜெயிப்பவர் மேலே போகும் கோப்பைச் சுற்று) கிளிப்பர்ஸை ஏழு ஆட்டத்தில் தாண்டி, கடைசியில் சாம்பியன் ஆன ஓக்லஹோமாவையே ஏழாவது ஆட்டம் வரை இழுத்தார். அதன் பிறகு வேலை அவருக்கே நிரந்தரமானது. 2017-இலிருந்து அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்தான். அந்த ஏப்ரல் 8 வராமல் போயிருந்தால்?

ஜோ மஸூலாவின் கதை இதைவிட விசித்திரம். 2021-22-இல் பாஸ்டனில் அவர் பின்வரிசை உதவிப் பயிற்சியாளர், முன்வரிசை நாற்காலி கூடக் கிடையாது. 2022 கோடையில் முன்வரிசையில் இருந்த ஹார்டி யூட்டாவுக்குப் போனார். செப்டம்பரில், பயிற்சி முகாம் தொடங்கச் சில நாட்களே இருக்கும்போது, தலைமைப் பயிற்சியாளர் இமே உடோக்கா இடைநீக்கம் செய்யப்பட்டார். 34 வயது மஸூலாவின் கையில் இறுதிச் சுற்றுக்குப் போயிருந்த ஒரு அணி வந்து விழுந்தது. முதல் சீசனில் 57 வெற்றி. ஆனாலும் ப்ளேஆஃபில் மயாமியிடம் ஏழாவது ஆட்டத்தில் தோற்றபோது, ஏன் டைம் அவுட் எடுப்பதில்லை என்று அவரைப் போட்டுக் கிழித்தார்கள். அடுத்த கோடையில் அணி என்ன செய்தது? அனுபவசாலி வேறொருவரைத் தேடவில்லை. அவர் பக்கத்தில் உட்கார ஆள் சேர்த்தது. சார்லஸ் லீ வந்தார், சாம் கசெல் வந்தார். அந்த சீசன் 64 வெற்றி, 2024 ஜூனில் சாம்பியன். லீ அங்கிருந்து சார்லட்டின் தலைமைப் பயிற்சியாளராகப் போனார். கசெல் அதே நாற்காலியில் இருந்தார்.

மஸூலாவுக்கு ஒன்று மட்டும் சாதகமாக இருந்தது, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. அவர் 2017-இலிருந்து 2019 வரை மேற்கு வர்ஜீனியாவில் ஃபேர்மான்ட் ஸ்டேட் என்ற சின்னக் கல்லூரி அணியின் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர். சின்ன இடமாக இருந்தாலும் அந்த நாலைந்து அடி தூரத்தை அங்கே தினமும் நடந்திருப்பார். நிக் நர்ஸ் பிரிட்டனில் பல வருடம் அணி நடத்தியவர், அப்புறம் அமெரிக்காவில் என்பிஏவுக்குக் கீழே இருக்கும் டி-லீகில் (இன்றைய ஜி-லீக்) இரண்டு வேறு அணிகளைச் சாம்பியன் ஆக்கியவர். 2013-இல் டொரான்டோவில் உதவிப் பயிற்சியாளர், 2018-இல் தலைமை, 2019-இல் சாம்பியன். மார்க் டேக்னால்ட் ஓக்லஹோமாவின் ஜி-லீக் அணியை ஐந்து சீசன் நடத்திவிட்டு ஒரே சீசன் உதவிப் பயிற்சியாளர், 2020-இல் தலைமை. முதல் சீசன் 22 வெற்றி, இரண்டாவது 24, மூன்றாவது 40, நாலாவது 57, ஐந்தாவது 68, அதோடு 2025 கோப்பை. 22-லும் 24-லும் அவரை அனுப்பாமல் விட்ட நிர்வாகத்துக்கும் இதில் பங்கு உண்டு. அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

சரி, இடைக்கால வாய்ப்பு கிடைத்து நன்றாகச் செய்தால் ஆள் தேறிவிட்டார் என்று அர்த்தமா? இங்கே எனக்கே ஒரு தயக்கம் உண்டு, காரணம் லூக் வால்டன். 2015-இல் ஸ்டீவ் கெருக்கு முதுகு வலி. வால்டன் கோல்டன் ஸ்டேட்டை எடுத்து நடத்தினார். முதல் 24 ஆட்டமும் வெற்றி, மொத்தத்தில் 39 வெற்றி, 4 தோல்வி. அதை வைத்து லேக்கர்ஸ் அவரை 2016-இல் எடுத்தது. மூன்று சீசனில் 98 வெற்றி, 148 தோல்வி, அதோடு முடிந்தது. நட்சத்திர வீரர் ஸ்டெஃப் கரி உச்சத்தில் இருந்த அணி ஜெயிப்பதைப் பார்த்து, ஜெயிக்க வைத்தது யார் என்று எப்படிச் சொல்வது? கெர் கட்டி வைத்த அணி, கெர் வகுத்த ஆட்டம். அதனால் வெற்றிக் கணக்கைப் பார்ப்பதைவிட, ஏதாவது கெட்டுப்போகும் நேரத்தில் அந்த ஆள் என்ன செய்கிறார் என்று பார்ப்பதுதான் சரி.

அப்படி ஒரு நேரத்தை 2024 ப்ளேஆஃபில் பார்த்தேன். மினசோட்டா – ஃபீனிக்ஸ், நாலாவது ஆட்டத்தின் கடைசி நிமிடங்கள். ஓரத்தில் நின்றிருந்த மினசோட்டா தலைமைப் பயிற்சியாளர் கிறிஸ் ஃபிஞ்ச் மேல் அவருடைய வீரர் மைக் கான்லியே வந்து மோத, ஃபிஞ்சின் முழங்கால் தசைநார் கிழிந்துவிட்டது. அடுத்து எதிரில் நடப்புச் சாம்பியன் டென்வர். ஃபிஞ்ச் அறுவை சிகிச்சைக்குப் பிறகு காலை நீட்டிக்கொண்டு இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தார், முன்னால் எழுந்து நின்றது மைக்கா நோரி. டொரான்டோ, சாக்ரமென்டோ, டென்வர், டெட்ராய்ட் என்று ஊர் ஊராகப் பெஞ்சில் உட்கார்ந்து வந்த மனிதர். முடிவுகள் ஃபிஞ்சோடு சேர்ந்து எடுத்தவைதான், இருந்தாலும் கோட்டோரம் நின்று நடுவரிடம் பேசுவதும் வீரர்களைத் திருத்துவதும் நோரி. ஏழாவது ஆட்டத்தில், டென்வரின் சொந்த அரங்கில், 20 புள்ளி பின்தங்கியிருந்து மினசோட்டா ஜெயித்தது. 20 புள்ளி பின்னால் இருக்கும்போது அந்த பெஞ்சில் பதற்றம் தெரியவில்லை. 2025 கோடையில் நியூயார்க் அவரை நேர்காணலுக்கு அழைத்தது. வேலை மைக் பிரவுனுக்குப் போனது. பிரவுன் நல்ல பயிற்சியாளர், ஏற்கெனவே மூன்று இடங்களில் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர். அந்த வரியைப் படித்ததும் எனக்கு மறுபடியும் ஹாமன் ஞாபகம்தான்.

ஹாமன் காத்திருக்கவில்லை. 2022-இல் பெண்கள் லீகான டபிள்யூஎன்பிஏவுக்குப் போய் லாஸ் வேகஸ் ஏசஸ் அணியை எடுத்தார். முதல் வருடமே சாம்பியன், சிறந்த பயிற்சியாளர் விருதும். 2023-இல் மறுபடியும், 2025-இல் மறுபடியும். இதுவரை தலைமைப் பயிற்சியாளராக இருந்ததில்லை என்ற வாக்கியத்தை இனி யாரும் அவரிடம் சொல்ல முடியாது. லிண்ட்ஸி ஹார்டிங் 2024-இல் ஸ்டாக்டன் கிங்ஸ் அணியை நடத்தி ஜி-லீகின் சிறந்த பயிற்சியாளர் விருது வாங்கினார், அந்த விருதை வாங்கிய முதல் பெண். உடனே அவருக்குக் கிடைத்தது லேக்கர்ஸில் ரெடிக்கின் கீழ் உதவிப் பயிற்சியாளர் வேலை. அணி நடத்திக் காட்டியவர் உதவிக்கு, நடத்தியே இராதவர் தலைமைக்கு. ரெடிக் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் நன்றாகவே செய்கிறார். ஆனால் இதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே வலித்தது.

என் நண்பனுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். முப்பது அணியும் முட்டாள் இல்லை. முப்பதும் பயப்படுகின்றன. ஏற்கெனவே இருந்தவரை எடுத்துத் தோற்றால் பயிற்சியாளரை மட்டும் மாற்றினால் போதும், புதியவரை எடுத்துத் தோற்றால் எடுத்தவர் வேலையும் சேர்ந்து போகும். அந்தப் பயத்தைக் குறைக்க வழி இல்லாமல் இல்லை. வழக்கமான சீசனில் 82 ஆட்டம் இருக்கிறது. சாதாரண ஜனவரி இரவு ஒன்றில், தலைமைப் பயிற்சியாளருக்கு உடம்பு நன்றாக இருக்கும்போதே, இன்றைக்கு நீ நடத்து என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் ஏன் கொடுக்கக் கூடாது? கோடைக்கால லீகில் இதைத்தான் செய்கிறார்கள். 2015-இல் ஸ்பர்ஸின் கோடை அணியை நடத்திச் சாம்பியன் ஆக்கியதும் இதே ஹாமன்தான். ஆனால் அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை, அது கோடை ஆட்டம்தானே என்று விட்டுவிட்டார்கள். அப்படியென்றால் கணக்கில் எடுக்கும் ஆட்டத்தில் கொடுங்கள். பத்து ஆட்டம் கொடுத்தால் வெற்றி தோல்வியைவிட, மூன்றாவது தோல்விக்குப் பிறகு அவர் அறைக்குள் எப்படிப் போகிறார் என்று தெரிந்துவிடும்.

டாம் திபடோ 1989-இல் உதவிப் பயிற்சியாளராகத் தொடங்கினார். 2008-இல் பாஸ்டன் கோப்பை வாங்கியபோது அந்த டிஃபென்ஸ் அவர் கட்டியது, அந்த அணியில் கடைசிக் காலத்து ஆட்டக்காரராகக் கசெலும் இருந்தார். 2010-இல் சிகாகோ கூப்பிட்டபோது திபடோவுக்கு வயது 52, முதல் சீசனில் 62 வெற்றி, சிறந்த பயிற்சியாளர் விருது. கசெல் பிறந்தது 1969-இல். அடுத்த ஏப்ரலில் பட்டியல் வரும்போது அவர் பெயர் அதில் இருந்தால், நண்பா, குறை யாரிடம் என்று கேட்பதற்கு முன்னால் அந்த அணியின் ஜெனரல் மேனேஜரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இந்தப் பதினைந்து வருடத்தில் கசெல் தனியாக நடத்திய ஆட்டம் எதையாவது நீங்கள் பார்த்திருக்கிறீர்களா, பார்க்க ஏதாவது ஏற்பாடு செய்திருக்கிறீர்களா?